மாதச் சந்தாக்களில் எதை நிறுத்துவது?

செந்தூல் வாசகர்:
வணக்கம். மூன்று படத்தளங்களுக்கும் ஒரு செய்தித்தளத்துக்கும் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். நேற்றிரவு வங்கிக் கணக்கறிக்கையை மேசையில் விரித்துப் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தபோது, மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போன பிறகு ஒருவரும் திறக்காத ஒரு தளத்துக்கு ஏழு மாதங்களாக 35 ரிங்கிட் கழிந்துவந்தது தெரிந்தது. செயலியை அப்போதே அழித்துவிட்டோமே! அடுத்து, செய்திச் சந்தாவையும் நிறுத்திவிடலாமா?

பட்டர்வொர்த் வாசகி:
ஐயா, செயலியை அழிப்பதால் சந்தா நிற்காது. கணக்குக்குள் சென்று ரத்து செய்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். மலேசியாவில் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடாக இருந்த சேவை வரி 2024 மார்ச்சில் 8 ஆனதால், 50 ரிங்கிட் கட்டணத்தோடு 4 ரிங்கிட் வரியும் சேர்கிறது. நாங்கள் ஒரு மாதத்துக்கு ஒரே தளம்தான் வைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்குத் தமிழ்ச் செய்திகளும் நாடகங்களும் போதும் என்பதால் அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் இணையத்தளமான ஆர்டிஎம் கிளிக்கில் இலவசமாகவே பார்க்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
படங்களைக் குறையுங்கள், செய்தியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரியில் நின்றபோது வருந்திய நம்மில் எத்தனை பேர் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்? 1999இல் தொடங்கிய மலேசியாகினி செய்தித்தளம் 2002இலேயே சந்தா கேட்டது. விளம்பரதாரரை மட்டும் நம்பாத செய்தியறைக்கு வாசகர் பணமே பலம்.

செந்தூல் வாசகர்:
நன்றி. இரண்டு படத்தளங்களை இன்று ரத்து செய்துவிட்டேன். செய்திச் சந்தா தொடர்கிறது.