ஃபைல் சர்வர்ல இடம் தானா குறைஞ்சிட்டே போகுது, எது காரணம்?

கேள்வி:
எங்க ஆபீஸ் விண்டோஸ் ஃபைல் சர்வர்ல டி டிரைவ் வேகமா நிரம்புது ஆனா யாரும் பெருசா எதுவும் காப்பி பண்ணல, எல்லா ஃபோல்டரையும் செலக்ட் பண்ணி ப்ராப்பர்டீஸ் பாத்தா யூஸ்டு ஸ்பேஸ விட ரொம்ப கம்மியா வருது. மிச்சத்த எது எடுக்குது?

பதில் 1:
எக்ஸ்ப்ளோரர் கணக்க நம்பாதீங்க, பர்மிஷன் இல்லாத ஃபோல்டர அது எண்ணாது. எந்த ஃபோல்டர் எவ்ளோ இடம் எடுக்குதுனு காட்டுற ட்ரீசைஸ் இல்லனா விஸ்ட்ரீ டூல அட்மினா ரன் பண்ணுங்க.

பதில் 2:
எனக்கு ஷேடோ காப்பி, அதாவது ஃபைலோட பழைய நிலைய திரும்ப எடுக்க விண்டோஸ் தானா வைக்கிற காப்பி, அது மேல தான் சந்தேகம். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள்ள இருக்கும், அட்மினையே உள்ள விடாது. கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' கொடுங்க, எவ்ளோ எடுத்திருக்கு, லிமிட் எவ்ளோனு வந்துடும்.

கேட்டவர்:
லிமிட் அன்பவுண்டட்னு, அதாவது வரம்பே இல்லனு வருது! யூஸ்டும் கிட்டத்தட்ட அந்த வித்தியாசம் தான். ஆனா புது ஃபைலே இல்லாம எப்படி வளருது?

பதில் 2:
டிஸ்க்ல மாறுற ஒவ்வொரு ப்ளாக்கோட (சின்ன துண்டோட) பழைய டேட்டாவ தான் ஷேடோ காப்பி எடுத்து வைக்குது. ஷேர்ல அவுட்லுக் மெயில சேமிக்கிற பிஎஸ்டி ஃபைல் இருந்தா தினமும் மாறிட்டே இருக்கும், சிதறின ஃபைல ஒண்ணா அடுக்குற டிஃப்ராக் ஓடினாலும் ஏறும், அதுவும் க்ளஸ்டர் சைஸ் (டிரைவ் இடத்த பிரிச்சு கொடுக்குற அளவு) 16 கேபிக்கு கம்மினா இன்னும் மோசம். லிமிட் போடுங்க, ஆனா குறைச்ச உடனே பழைய காப்பியெல்லாம் அழிஞ்சிடும், அதனால பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணி பாத்துட்டு அப்புறம் கை வைங்க.