கப்பலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது: தப்பு யார் மேல்?

முதல்_அலை கேட்டது:

வணக்கம். போன வருடம் நானும் மனைவியும் முதல் முறையாக ஒரு பெரிய பயணிகள் கப்பலில் 7 நாள் போய் வந்தோம். நடுவில் ஒரு நாள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே போனது, அதனால் அத்தனை பேரும் கப்பலுக்குள்தான். காலை 8 மணிக்கு நீச்சல்குளம் இருக்கும் டெக்குக்குப் போனால் ஆளே இல்லை, ஆனால் ஒரு சாய்வு நாற்காலிகூடக் காலி இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, இல்லையென்றால் ஒரு ஜோடி செருப்பு, இல்லையென்றால் கவிழ்த்து வைத்த புத்தகம். ஒன்றே கால் மணிநேரம் சுற்றிச் சுற்றி வந்தோம். நிழலில் இருந்த இரண்டு நாற்காலிக்கு யாரும் வருகிற மாதிரி தெரியவில்லை. துண்டுகளை மடித்துப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 11 மணிவாக்கில் ஒரு தம்பதி வந்து, "எங்கள் பொருளைத் தொட நீங்கள் யார்" என்று பிடித்துக்கொண்டார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, என் மனைவி எழுந்து கேபினுக்கே போய்விட்டார். இன்றுவரை தப்பு என் மேல்தான் என்கிறார்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இந்த முறை 600 பேருக்குள் போகிற சின்ன சொகுசுக் கப்பல். அங்கே எழுதி வைக்காத விதிகள் இன்னும் நிறைய இருக்கும் என்று மனைவி இப்போதே பயமுறுத்துகிறார். உடை, டிப்ஸ், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுவது, இதெல்லாம் எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நாற்காலி விஷயத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுங்கள், வீட்டில் காட்ட வேண்டும்.

---

நங்கூரம்72 எழுதியது:

தீர்ப்பு: நியாயம் உங்கள் பக்கம், செய்த முறை தப்பு. அடுத்தவர் பொருளில் கை வைக்காதீர்கள். நிறைய கப்பல்களில், ஆள் இல்லாமல் அரைமணி நேரமோ நாற்பது நிமிடமோ கிடக்கும் நாற்காலியைக் காலி செய்யலாம் என்று விதியே உண்டு. டெக் ஊழியரைக் கூப்பிட்டு "இங்கே ஒரு மணிநேரமாக யாரும் இல்லை" என்று சொன்னால் அவர் பொருளை எடுத்துத் துண்டு கொடுக்கும் கவுன்டரில் வைத்துவிடுவார். வந்தவர் கத்தினாலும் சட்டைப் பையில் பெயர் குத்திய ஒருவரிடம்தான் கத்த வேண்டும், அங்கே குரல் தானாக இறங்கிவிடும். சின்னக் கப்பலில் இந்தத் தொல்லை குறைவு. பயணிகள் கம்மி, ஊழியர்கள் அதிகம், நீங்கள் நிற்பதைப் பார்த்தாலே யாராவது ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

மேஜை விஷயம். சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலும் நேரமும் இடமும் உங்கள் இஷ்டம். உள்ளே நுழையும்போது "தனியாகவா, மற்றவர்களோடு சேர்ந்தா" என்று கேட்பார்கள். முதல் இரண்டு நாள் சேர்ந்து உட்காருங்கள். சில இரவுகளில் கப்பல் அதிகாரி ஒருவர் மேஜைக்கு வந்து விருந்தளிப்பார், அழைப்பு கேபினுக்கு வரும். போக முடியாது என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் காலி நாற்காலியாக விடுவதுதான் பெரிய மரியாதைக் குறைவு. பேச்சில் எது வேண்டுமானாலும் பேசுங்கள், "டிக்கெட் எவ்வளவுக்கு எடுத்தீர்கள்" என்பதை மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால் அன்றைய சாப்பாடு இறங்காது.

அப்புறம் பால்கனி. பக்கத்து பால்கனிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தடுப்பு, ராத்திரி அங்கே போனில் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். சிகரெட் கூடவே கூடாது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் பற்றிய தீ பக்கத்துப் பக்கத்து பால்கனிகளுக்குத் தாவியது. தடுப்புகள் எரியக்கூடிய பிளாஸ்டிக்காக இருந்ததுதான் அது அவ்வளவு வேகமாகப் பரவக் காரணம். அணைக்காமல் எறிந்த சிகரெட்டாக இருக்கலாம் என்றது விசாரணை. புகையில் ஒரு பயணி இறந்துபோனார். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை கேபினுக்குள் கொண்டுவர விடாததும் தீக்குப் பயந்துதான், அதற்காக வாசலில் பரிசோதிப்பவரிடம் சண்டை போடாதீர்கள்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

காசு கொடுத்து லீவுக்குப் போகிறோமா, பள்ளிக்கூடத்துக்கா? இருட்டினால் கோட்டு போட வேண்டுமாம், இங்கே சிகரெட் கூடாது, அங்கே பேசக் கூடாது. நான் அரைக்கால் சட்டையோடுதான் சாப்பிடப் போவேன், யார் என்ன செய்ய முடியும்?

---

நங்கூரம்72 எழுதியது:

ஒன்றும் செய்ய மாட்டார்கள், சிரித்துக்கொண்டே பஃபேக்கு வழி காட்டுவார்கள். குனார்டு என்ற நிறுவனத்தின் கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல் உடை விதி உண்டு, 'கலா' என்கிற விசேஷ விருந்து இரவுகளில் இன்னும் கறார். ஆனால் வேஷம் கட்டப் பிடிக்காதவர்களுக்கு என்று பஃபே மாதிரி சில இடங்களைத் தனியாக விட்டிருக்கிறார்கள். யாரையும் பட்டினி போடுவதில்லை. வேறு சில நிறுவனங்களில் கோட்டே தேவையில்லை, காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கோபப்பட வேண்டிய வேலையே இல்லை.

---

டெக்7_முன்னாள் எழுதியது:

நான் கேபின் சுத்தம் செய்யும் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். எங்கள் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

டிப்ஸ். சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் மாதிரி நிறுவனங்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம், நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், அது வேறு. பெரிய கப்பல்களில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கில் தானாக ஏறும். கடைசி நாள் காலையில் வரவேற்பு மேஜைக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும், அதை நீக்கச் சொல்லி. ஏழு நாளும் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, குழந்தைகள் படத்தையெல்லாம் காட்டிப் பேசியவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். அந்தப் பணம் நீங்கள் பார்க்கிற ஆளுக்கு மட்டும் போவதில்லை. துணி துவைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று நீங்கள் கண்ணாலேயே பார்க்காத பலருக்கும் பிரியும். சேவை சரியில்லை என்றால் இரண்டாம் நாளே சொல்லுங்கள், அப்போது சரி செய்யலாம். இறங்கும்போது காகிதத்தில் எழுதிவிட்டுப் போனால் எங்களுக்குத் திட்டு மட்டும்தான் மிச்சம்.

பல மாத ஒப்பந்தத்தில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடைப்பதில்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேரமும், 7 நாளில் 77 மணிநேரமும் ஓய்வு தர வேண்டும். கணக்குப் போட்டால் மீதி எவ்வளவு என்று தெரியும். அதனால் மதியம் 2 மணிக்கு "இப்போது வந்து சுத்தம் செய்" என்று நீங்கள் கூப்பிடும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். காலையில் எத்தனை மணிக்கு வெளியே போவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கழிவறையில் காகிதம் தவிர எதையும் போடாதீர்கள். அது தண்ணீர் அடித்துத் தள்ளுவது இல்லை, காற்றை உறிஞ்சி இழுக்கும் குழாய். ஈரத்துடைப்பான் ஒன்று சிக்கினால் உங்களுடையது மட்டுமில்லை, அந்த வரிசையில் பல கேபின்களில் வேலை செய்யாது. விருந்து நடக்கிற ராத்திரி ஒன்றில் அப்படி ஆகி, கவுனும் கோட்டுமாக இருந்தவர்கள் பொதுக் கழிவறைக்கு நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேபின் கதவையும் திறக்காதீர்கள், காற்று இழுத்து அறையும், விரல் போகும்.

இன்னொன்றை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள்: வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் மறைக்காதீர்கள். அறையிலேயே இருக்கச் சொல்லுவார்களே என்று மறைத்து பஃபேக்கு வந்து கரண்டியைப் பிடிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருந்தார்கள். பெரும்பாலும் அது நோரோ வைரஸ். கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கண்காணிப்பில் இருக்கும் கப்பல்களில், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வந்துவிட்டால் கப்பல் பெயரோடு இணையத்தில் போட்டுவிடுவார்கள். அப்புறம் கைப்பிடிகள், லிஃப்ட் பட்டன்கள் எல்லாவற்றையும் ராத்திரி பகலாகத் துடைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

---

காலைக்காற்று எழுதியது:

டெக்7 அண்ணா சொன்னதை என் மாமியாருக்கு அனுப்பிவிட்டேன், ஜெல்லே போதும் என்று அடித்துச் சொல்பவர் அவர்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்று சொல்கிறேன். கடைசி ராத்திரி பெட்டிகளை கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், அவர்களே இறக்கிவிடுவார்கள். நான் ரொம்ப சாமர்த்தியமாக எல்லாவற்றையும் அடுக்கி, பூட்டி, வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மேலே போட்டிருந்த இரவு உடுப்பைத் தவிர ஒரு துணி இல்லை, செருப்புகூட பெட்டிக்குள். கணவர் சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது, பிறகு அவருடைய சட்டையையும் கேபினில் இருந்த அந்த மெல்லிய வெள்ளைச் செருப்பையும் போட்டுக்கொண்டு குடியேற்ற அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, இது அவருக்குப் புதிதில்லை போல.

துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும்போது நேரத்தையும் கவனியுங்கள். கப்பல் நேரமும் கரை நேரமும் சில இடங்களில் வேறு வேறு. போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாது. கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அவர்களே அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு தடவை நாங்கள் மேல் டெக்கில் நிற்க, கீழே இரண்டு பேர் பையோடு ஓடி வந்தார்கள், மேலே இருந்தவர்கள் கைதட்டிப் படம் பிடித்தார்கள். ஏணிப்பாலம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, இதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

---

நங்கூரம்72 எழுதியது:

முக்கியமானதை விட்டுவிட்டேன். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி. ஏழோ அதற்கு மேலோ குட்டிச் சங்கு, கடைசியில் ஒரு நீண்ட சங்கு, அது கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு அந்த இடத்தில் போய்த் தலையைக் காட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்கும் முணுமுணுத்துக்கொண்டு, போனை நோண்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவுப் பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணிநேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி, மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனோ நடத்தியாக வேண்டும் என்று 2015-ல் விதி மாறியது அதற்குப் பிறகுதான்.

---

முதல்_அலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் காட்டினேன். நங்கூரம் சார் தீர்ப்பில் "செய்த முறை தப்பு" என்பதை மட்டும் இரண்டு தடவை சத்தமாக வாசித்தார், அதற்கு முன்னால் இருந்த மூன்று சொல் அவர் கண்ணில் படவில்லையாம். சின்னக் கப்பலில் டிப்ஸ் அடக்கமா என்று நேற்றே எழுதிக் கேட்டுவிட்டேன், அடக்கம்தான். கோட்டு ஒன்று எடுத்து வைத்தாயிற்று. கடைசி நாளுக்கான துணியை மனைவி தனிப் பையில் போட்டு, பையின் மேல் "வெளியே வைக்காதே" என்று இப்போதே எழுதி ஒட்டிவிட்டார்.

---

காலைக்காற்று எழுதியது:

செருப்பையும் அதில் போடச் சொல்லுங்கள்.