பைத்தான் கணக்கை பிரவுசரில் ஓட்ட: எந்த கம்பைலர், எந்த விட்ஜெட்?

செந்தில்_திருப்பூர்:
வணக்கம். பனியன் துணிக்கு விலை போடும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். நூல் கவுண்ட், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), சாயக் கூலி, வேஸ்டேஜ் சதவீதம் கொடுத்தால் கிலோ விலை சொல்லும். முகப்பு டிகிண்டரில் (பைத்தானோடு வரும் கம்ப்யூட்டர் ஜன்னல் கருவி) இருக்கிறது. இப்போது மெர்ச்சண்டைசர்கள் போனிலேயே வேண்டும் என்கிறார்கள். கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத மனசில்லை. பைத்தானை பிரவுசரில் ஓட்டித் தரும் டிரான்ஸ்கிரிப்ட், பிரைத்தான், பயோடைட் மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தேன். அதன்மேல் ஃபார்ம், டேபிளுக்கு ரியாக்ட் (ஸ்கிரீன் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) போடலாமா? சர்வர் கிடையாது, ஸ்டாட்டிக் ஃபைல்கள் மட்டும்தான்.

பாபு:
பைத்தானிலேயே வெப் பக்கம் செய்யும் ஸ்ட்ரீம்லிட் போட்டு முடித்துவிடுங்கள். எதற்கு இவ்வளவு யோசனை?

ரேவதி:
பாபு, அதற்குப் பின்னால் சர்வர் ஓட வேண்டும். அவர்தான் இல்லை என்கிறாரே.

செந்தில், கம்பைலரையும் (பைத்தானை பிரவுசருக்கு ஏற்றபடி மாற்றுவது) விட்ஜெட்டையும் (பட்டன், டேபிள் மாதிரி ஸ்கிரீன் உறுப்பு) ஒரே மூட்டையாக வாங்காதீர்கள். 2006-இல் ஜாவாவில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கூகுள் வெப் டூல்கிட் வந்தபோது, அதே பாணியில் பைத்தானுக்கு பைஜாமாஸ் என்று ஒன்று செய்தார்கள். பேனல், பட்டன், டேபிள் எல்லாமே பைத்தான் கிளாஸ். எழுத சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அது பைத்தான் 2-ஓடு நின்றுபோனது. அந்த விட்ஜெட்டுகளை நம்பி எழுதிய ஸ்கிரீன்களை வேறு கம்பைலருக்குத் தூக்கிப்போக வழியில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் முன்கூட்டியே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். ஃபைல் சின்னது, வேகமும் உண்டு. அந்த வேகத்துக்காக பைத்தானின் சில குணங்களை விட்டுவிடும். இன்புட் பெட்டியிலிருந்து வருவது ஸ்ட்ரிங், அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்தாக. "10"-உடன் 5-ஐக் கூட்டினால் பைத்தான் எரர் கொடுக்கும். இங்கே பேசாமல் 105 வந்து நிற்கும். வெற்று லிஸ்டைக்கூட, தனி ஆப்ஷன் கொடுக்காவிட்டால், உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். விலை போடும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பிரைத்தான் பக்கம் திறக்கும்போது பிரவுசரிலேயே மொழிபெயர்க்கிறது. மெதுவானதுதான், ஆனால் உங்கள் கணக்குக்கு அது தெரியக்கூடச் செய்யாது. ஸ்ட்ரிங் கூட்டல், வெற்று லிஸ்ட் இரண்டிலும் பைத்தான் மாதிரியே நடக்கும். பயோடைட் என்பது சிபைத்தானையே, அதாவது நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானையே, வெப்அசெம்ப்ளி (பிரவுசர் நேராக ஓட்டும் பைனரி வடிவம்) ஆக்கியது. நம்பை, பாண்டாஸ் மாதிரி கணக்கு, டேட்டா லைப்ரரிகள் எல்லாம் ஓடும். பதிலுக்கு முதல் தடவை பல எம்பி இறங்கும்.

ரியாக்ட் உங்களுக்கு வேண்டாம். அது தனக்குக் கொடுத்த பகுதி முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும், ஸ்டேட்டையும் (இப்போது எதில் என்ன மதிப்பு என்ற நிலை) தன் வழியில்தான் வைக்கச் சொல்லும். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் நீங்கள் இரண்டு மொழிக்கு நடுவில் பாலம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு எச்டிஎம்எல் டேக், அதன் வேல்யூ, ஒரு ஈவென்ட் (அழுத்தினால், மாற்றினால் வரும் தகவல்), இவ்வளவோடு வேலை முடிகிற விட்ஜெட்டாக எடுங்கள். அது எந்த கம்பைலரோடும் ஒத்துப்போகும். ஃபார்முக்கு பிரவுசரின் சொந்த இன்புட், டேட்டாலிஸ்ட் (தட்டும்போது பரிந்துரை காட்டும் பட்டியல்), டயலாக் போதும். டேபிளுக்கு டேபுலேட்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அழகு வேண்டுமென்றால் ஷூலேஸ் மாதிரி வெப் காம்போனென்ட் (சொந்த டேகாக வரும் தயார் உறுப்பு).

செந்தில்_திருப்பூர்:
நன்றி அக்கா. ஒரே ஒரு இடத்தில் பாண்டாஸ் இருக்கிறது, சாயப்பட்டறை ரேட் கார்டு எக்ஸெல்லைப் படிக்க. அப்போது பயோடைட்தானா?

ரேவதி:
அதற்காக அத்தனை எம்பியை ஒவ்வொரு போனுக்கும் அனுப்புவானேன்? ரேட் மாறும்போது உங்கள் கம்ப்யூட்டரிலேயே எக்ஸெல்லை ஜேசன் (எளிய டெக்ஸ்ட் டேட்டா ஃபைல்) ஆக்கி, மற்ற ஃபைல்களோடு ஏற்றிவிடுங்கள். பிரைத்தான் அதைப் படித்துக்கொள்ளும்.

பாபு:
சரி, ஸ்ட்ரீம்லிட்டை விட்டுவிடுகிறேன். பின்னால் பயோடைட் பக்கம் போனால் ஒன்று: பைத்தான் டிக்ஷனரியை அப்படியே டேபுலேட்டருக்குக் கொடுக்கக் கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பிரைத்தானிலும் ஃபைலை டபுள் கிளிக் செய்து சோதிக்காதீர்கள், நீங்கள் எழுதிய மாட்யூல்கள் இம்போர்ட் ஆகாது. பைத்தானோடு வரும் குட்டி எச்டிடிபி சர்வரை ஓட்டிப் பாருங்கள்.

ரேவதி:
இன்புட் பெட்டிகளில் இன்புட்மோட் என்ற ஆட்ரிப்யூட்டை டெசிமல் என்று வையுங்கள், போனில் நேராக எண் கீபேட் வரும்.