நாய்க்கு லீஷ்மேனியா சந்தேகம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் 6 வயது நாய்க்கு உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் (லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம் என்கிறார் மருத்துவர். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனாலும் 3 மாதமாக மெலிந்துகொண்டே போகிறாள். கண்ணைச் சுற்றி முடி கொட்டிவிட்டது, தோல் பொடுகு போல உதிர்கிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. நகங்கள் அளவுக்கு மீறி நீண்டு வளைந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் இந்த நோயின் அறிகுறிதானாம். நேற்று மூக்கில் ரத்தம் வந்ததும் பயந்துவிட்டேன்.

மணல் ஈ கடித்துப் பரவும் இந்த ஒட்டுண்ணி உடலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும். தொற்று உள்ள பல நாய்கள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். அதனால் வீட்டிலுள்ள இன்னொரு நாயை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை முடிவு இரண்டும்கெட்டானாக வந்திருக்கிறது. அடுத்து எலும்பு மஜ்ஜை எடுத்து பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பார்ப்பதா, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பதா? உங்கள் நாய்க்கு என்ன செய்தார்கள்?

அப்புறம், இந்த நோய்க்குத் தரும் அலோபியூரினால் மருந்தை நீண்ட நாள் கொடுத்தவர்கள், சிறுநீரில் புரதத்தையும் கல்லையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தீர்கள்? சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். இன்னொரு நாய்க்கு மணல் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் மருந்துள்ள கழுத்துப்பட்டை மட்டும் போதுமா என்றும் சொல்லுங்கள்.