மேட் மறைத்ததைப் பாலாற்று மணல் காட்டிக்கொடுத்தது: அயர்ன் அடி, டிவட் அனுபவங்கள்

காட்பாடியில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "எங்கே ஆடுவீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், மாதம் ஒரு தடவை போனாலே பெரிது. மற்ற நாளெல்லாம் மொட்டை மாடிதான். கிரிக்கெட் வலை கட்டி, மேட் என்கிற செயற்கைப் புல் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டு, ஒரு வருஷம் செவன் அயர்னில், அதாவது உலோகத் தலை மட்டையில், அடித்தேன். 'டப்' என்று சத்தம், பந்து நேராக வலைக்குள். ஆகா, கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் பெங்களூரில் நிஜப் புல்லில் நின்று முதல் அயர்ன் அடித்தேன். பந்து பத்தடி, புல்லும் மண்ணும் பதினைந்து அடி. அடுத்தது பந்தின் தலையில் பட்டுத் தரையோடு தரையாக முயல் மாதிரி ஓடியது. மட்டைப் பையைத் தூக்கிவந்த உதவியாளர் (கேடி) நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், பாவம், ஒன்பதாவது ஹோல் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நான் பேர்த்த பள்ளத்தில் பாட்டிலிலிருந்து மணலைக் கொட்டிக் காலால் தடவிக்கொண்டே, "சார், பந்து எங்கே இருந்துச்சு, பள்ளம் எங்கே ஆரம்பிக்குது, பாருங்க" என்றார். பார்த்தேன். பந்து இருந்த இடத்துக்கு நாலு விரற்கடை பின்னால் தொடங்கி, பந்து இருந்த இடத்திலேயே முடிந்திருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டீ என்கிற சின்ன முளைமேல் பந்தை வைத்து, டிரைவர் என்கிற நீள மட்டையால் அடிப்பது வேறு கதை. தரையில் கிடக்கிற பந்தை அயர்னில் அடிக்கும்போது கிளப், அதாவது மட்டை, இறங்கிக்கொண்டே வந்து முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் புல்லை. ஸ்விங்கின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி இரண்டு மூன்று அங்குலம் இலக்குப் பக்கம் விழ வேண்டும். அப்போது டிவட், அதாவது கிளப் புல்லைப் பேர்க்கிற தடம், பந்துக்கு முன்னால், ரூபாய் நோட்டு அகலத்துக்கு மெல்லிசாகச் சீவினது போல வரும். பந்துக்குப் பின்னால் மண்ணைத் தொட்டால் அதற்குப் பெயர் 'ஃபேட்'. அதற்குப் பயந்து உடம்பைத் தூக்கிக்கொண்டால் கிளப் பந்தை மேலாகச் சீண்டும், அது 'தின்' (thin). இரண்டும் தனித்தனி வியாதி என்று நான் தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேர் ஒன்றே. மேட்டில் இது தெரியவே தெரியாது, மூன்று அங்குலம் பின்னால் இறங்கினாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும், கைக்கும் தெரியாது காதுக்கும் தெரியாது.

வீடு திரும்பியதும் பாலாற்றுக்கு இறங்கினேன். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடின அதே ஆறுதான், இப்போது முக்கால்வாசி இடம் மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. விடிகாலை ஐந்தே முக்கால், கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன். குச்சியால் ஆறடிக்கு ஒரு கோடு கிழித்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் கோடு வருகிற மாதிரி நின்று, பந்தே இல்லாமல் ஒரு ஸ்விங், கோட்டோரமாகவே நாலு விரற்கடை நகர்ந்து இன்னொன்று. இருபது அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பதினாறு தடம் கோட்டுக்குப் பின்னால். கோர்ட்டில் சாட்சி சொன்ன மாதிரி வரிசையாக நிற்கிறது. ஒரு வருஷம் மேட் மறைத்ததை மணல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

காரணம் நம்ம டென்னிஸ் பந்து கிரிக்கெட். பந்தைத் தூக்கி அடிக்கப் பின்காலில் சாய்ந்து பழகிய உடம்பு இது. செவன் அயர்னின் முகமே முப்பது டிகிரி சுமாருக்குச் சாய்ந்திருக்கிறது, தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்று மூளைக்குத் தெரியும், வலது காலுக்குத் தெரியாது. அதனால் காலை ஏமாற்றினேன்: வலது காலை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, கட்டைவிரலை மட்டும் ஊன்றி, கிட்டத்தட்ட ஒற்றைக்காலில் நின்று இடுப்புக்கு இடுப்பு அரை ஸ்விங். சாயவே முடியாது, சாய்ந்தால் விழுந்துவிடுவேன். இரண்டு தடவை விழவும் செய்தேன். மூன்றாவது வாரம் தடங்கள் கோட்டின் மேலும் முன்னாலும் விழ ஆரம்பித்தன. இப்போது இருபதுக்குப் பதிமூன்று பதினாலு முன்னால் வருகிறது. பந்து வைத்தால் பத்துதான். பந்தைப் பார்த்தாலே உடம்புக்குப் பழைய புத்தி வந்துவிடுகிறது.

நடுவில் ஒரு குறுக்குவழியும் பார்த்தேன். பந்தை வலது காலுக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டால் முதலில் பந்துதான் படும், சரிதானே? படுகிறது. ஆனால் பந்து தாழ்வாகப் பாய்கிறது, டிவட் கிணறு மாதிரி ஆழமாகப் போகிறது, மணிக்கட்டு மூன்று நாள் வலித்தது. விட்டுவிட்டேன்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*ராணிப்பேட்டையிலிருந்து:*

எனக்கு டவல்தான் குரு. பந்துக்குப் பின்னால் ஒரு கிளப் தலை அகலம் இடம் விட்டு டவலை மடித்துப் போடுவேன், பின்னால் இறங்கினால் டவல் சுருண்டு பந்தோடு சேர்ந்து பறக்கும். முதல் நாள் டவல்தான் அதிக தூரம் போனது. ஒரு எச்சரிக்கை: டவலுக்குப் பயந்து கோடாலி மாதிரி செங்குத்தாகக் கொத்த ஆரம்பித்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் ஒரு மாதம் கெட்டேன். கிளப் முகத்தில் லேசாகத் தண்ணீர் தொட்டு முகப்பவுடர் தூவிக்கொண்டால் பந்து எங்கே பட்டது என்பதும் தெரியும். எனக்கு எல்லாம் முகத்தின் அடிக்கோட்டில் பட்டிருந்தது.

அப்புறம் மணலில் பழகுகிறவர்கள் பழைய அயர்னை எடுத்துப் போங்கள், மணல் முகத்துக் கோடுகளைத் தேய்த்துவிடும். கையுறை பற்றியும் சொல்லவேண்டும், தோல் தொழிலில் இருக்கிறேன் அல்லவா. நல்ல கோல்ஃப் கையுறை, கம்பளிக்குப் பதில் முடி வளர்கிற செம்மறி ஆட்டின் தோல். நம்ம கத்திரி வெயிலில் வியர்வை ஊறி, அப்படியே பையில் திணித்தால் அப்பளம். நிழலில் விரித்துப் போடுங்கள்.

*ஆற்காட்டிலிருந்து:*

கொஞ்சம் மாறுபடுகிறேன். டிவட் வரவேண்டும் என்று எல்லாரும் மண்ணைத் தோண்டுகிறார்கள். நான் பழகுவது எங்கள் நிலத்தில், வேர்க்கடலை பிடுங்கின பிறகு. பொலபொலவென்று இருக்கும்போது தொட்டாலே பள்ளம், மே மாதத்தில் அதே நிலம் சிமெண்ட் தரை, எவ்வளவு நன்றாக அடித்தாலும் ஒரு கீறல்தான். இறுகின தரையில் டிவட் தேடினால் மணிக்கட்டு போய்விடும். ஆழத்தைப் பார்க்காதீர்கள், எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் பாருங்கள். கோட்டுக்கு நான் அம்மாவின் கோலமாவைத்தான் எடுக்கிறேன், காய்ந்த மண்ணில் அதைவிடத் தெளிவாக எதுவும் தெரியாது. மாவு எறும்புக்காவது போகிறதே என்று அம்மா விட்டுவிட்டார்கள். பக்கத்து நிலத்துப் பெரியப்பாதான் தினமும் "கிழங்கு கிடைச்சுதா?" என்கிறார்.

இன்னொன்று, கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா புல் என்று சொல்வது நம்ம பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். வரப்போரம் அருகம்புல் படர்ந்த இடமாகப் பார்த்துப் பழகினால் பெங்களூர் போகும்போது அந்நியமாக இருக்காது.

*மறுபடியும் காட்பாடி:*

ஆற்காட்டுக்காரர் சொல்வது சரி, ஆழம் முக்கியமில்லை. அருகம்புல் யோசனையும் நல்லது, நாளைக்கே வரப்பு தேடுகிறேன்.

மணலில் பழகினதால் வந்த வினை ஒன்று. போன மாதம் பங்கருக்குள், அதாவது மைதானத்து மணல் குழிக்குள், பந்து விழுந்தது. பழக்கதோஷம், அடிப்பதற்கு முன் மணலைத் தொட்டு ஜோராக ஒரு ஒத்திகை ஸ்விங் போட்டேன். பங்கரில் அது கூடாது, இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். கூட ஆடியவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், அதுதான் கூடுதலாக வலித்தது.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஆற்றில் இருப்பேன், வருகிறவர்கள் வரலாம். நிஜப் பந்து வேண்டாம், ஆள் நடமாட்டம் உண்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும். டவல் ஒன்று எடுத்து வாருங்கள். என்னுடையதைப் பந்துக்குப் பின்னால் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் ஒரு மூலையை ஆடு தின்றிருந்தது.