கானா பாட்டை டேப்ல எழுதுறேன், பார் பாரா நழுவுது. யாராச்சும் உதவுங்க

புளியந்தோப்பு ஆறுகம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் கத்துகினு மூணு வருஷம் ஆவுது. ஸ்டாஃப் நொட்டேஷன் சுத்தமா தெரியாது, டேப் மட்டும் படிப்பேன், அதான் ஆறு கோடு போட்டு எந்தக் கம்பியில எந்தக் கட்டத்தை (ஃப்ரெட்) அழுத்தணும்னு நம்பர் எழுதுவாங்களே, அது.

எங்க பெரியப்பா கானா பாடுவாரு. சாவு வீட்ல ராத்திரி உக்காந்தாருன்னா விடியிற வரைக்கும் எழுந்துக்க மாட்டாரு. போன வருஷம் தவறிட்டாரு. அவரே கட்டின பாட்டு ஒண்ணு என் போன்ல கீது. ரெண்டு நிமிஷம் கூட வராது, பின்னால தாளத்துக்குச் சட்டியும் டோலக்கும். வருஷ நினைவுக்கு நானும் ரெண்டு ஃப்ரெண்டும் அத்த கிட்டார்ல வாசிக்கலாம்னு இருக்கோம். அவங்களுக்குக் காதால கேட்டு எடுக்க வராது, அதனால எழுதிக் குடுக்கணும்.

மியூஸ்கோர் 4ன்னு நோட்டு எழுதுற சாஃப்ட்வேர் போட்டேன், காசு இல்லாம கெடைக்குதுன்னு. புது ஸ்கோர் தொறந்தா 4/4 வந்துச்சு, அப்படியே வுட்டேன். அதாவது ஒரு பாருக்கு (ரெண்டு நெட்டுக் கோட்டுக்கு நடுவுல இருக்கிற துண்டு) நாலு குவார்ட்டர் நோட்டு. பாட்டுல முக்காவாசி எய்த் நோட்டா (குவார்ட்டர்ல பாதி) தான் வருது, அங்கங்க நீள நோட்டு, ஒவ்வொண்ணா போட்டேன். ஃப்ரெட் நம்பர்லாம் கரெக்ட்டு, கூட வாசிச்சுப் பாத்தேன். ஆனா அழுத்தம் விழ வேண்டிய நோட்டு முதல் பார்ல ஒரு எடத்துல, ரெண்டாவது பார்ல வேற எடத்துல. விசித்திரம் இன்னான்னா, நாலாவது பார் பாக்க அப்படியே முதல் பார் மாதிரி கீது. ஏழாவதும் அப்படியே. நடுவுல இருக்கிறதெல்லாம் கன்னாபின்னா. ரெண்டு பாருக்கு நடுவுல வில்லு மாதிரி கோடு வேற தானா வந்து மாட்டிக்குது.

வேகமும் சரியில்ல. காலால தட்டி எண்ணினா நிமிஷத்துக்கு 120. 120ன்னு போட்டா இழுத்துகினு போவுது.

இன்னொண்ணு. 5 அழுத்தினா குவார்ட்டர் நோட் வரும்னு வீடியோல சொன்னாங்க. எனக்கு அஞ்சாவது ஃப்ரெட் வந்து உக்காருது.

வியாசர்பாடி பேஸ்:

தலைப்பைப் பாத்துட்டு அடிக்கிற மேளம் டேப்புன்னு நெனச்சு உள்ள வந்தேன் மச்சி 😂

அந்த அஞ்சு மேட்டர் மட்டும் எனக்குத் தெரியும். வீடியோல காட்டினது அஞ்சு கோடு ஸ்டாஃப்புக்கு. டேப் வரியில நம்பர்னா ஃப்ரெட் தான். நோட்டோட நீளம் மாத்தணும்னா ஷிஃப்ட்டைச் சேத்து அழுத்து. ஷிஃப்ட் 5 குவார்ட்டர், ஷிஃப்ட் 4 எய்த். எந்தக் கம்பின்றதுக்கு மேல கீழ அம்புக்குறி. மேல் கோடு தான் மெல்லிசு கம்பி, தலைகீழா எழுதிறப் போற.

மத்ததுக்கு 3/4 போட்டுப் பாரு. மூணு மூணா வர்ற பாட்டு தான இது?

லேப்டாப் டாக்டர்:

ஆடியோ டிரைவர் அப்டேட் பண்ணிப் பாருங்க ப்ரோ.

புளியந்தோப்பு ஆறுகம்பி:

டிரைவர் அப்டேட் பண்ணேன், ஒண்ணும் மாறல.

3/4 போட்டேன். இப்போ எல்லா பாரும் ஒரே மாதிரி வருது, வில்லுக் கோடும் போயிடுச்சு. ஆனா ஃப்ரெண்டு பேப்பரைப் பாத்து வாசிச்சா கானாவா இல்ல, இங்கிலீஷ் படத்துல ஜோடி ஜோடியா சுத்தி ஆடுவாங்களே, அந்த மாதிரி இருக்குது. பெரியப்பா கேட்டிருந்தா எழுந்து வந்திருப்பாரு.

ராயபுரம் ஆர்கன்:

தம்பி, உங்க முதல் பதிவுலயே பதில் இருக்கு. நாலாவது பார் முதல் பார் மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான்.

4/4 பாருக்குள்ள எய்த் நோட் எட்டு பிடிக்கும். உங்க பாட்டு ஆறு ஆறா நடக்குது. எட்டும் ஆறும் ஒண்ணு சேர்ற எண் 24. எட்டு எட்டா எண்ணினா அது மூணு பார். மூணு பார் முடிஞ்சு நாலாவதுல பழைய வடிவம் திரும்புது. மியூஸ்கோர் தப்பு பண்ணல. எட்டெட்டா வெட்டச் சொல்லிட்டு ஆறா நடக்கிற பாட்டைக் கொடுத்தா அது என்ன பண்ணும்? பாருக்குள்ள அடங்காத நோட்டை ரெண்டா வெட்டி, வில்லுக் கோடு போட்டு ஒட்டி வைக்கும். அந்தக் கோட்டுக்குப் பேரு டை.

3/4ல பார் ஒரே மாதிரி வந்தது ஏன்னா அதுக்குள்ளயும் எய்த் நோட் ஆறு தான். ஆனா பிரிக்கிற விதம் வேற. வாயால சொல்லிப் பாருங்க. 3/4ன்னா தக தக தக. உங்க சட்டி என்ன சொல்லுது? தகிட தகிட. அது 6/8. அளவு ஒண்ணு தான், நடை வேற. கர்நாடக சங்கீதக்காரங்க திஸ்ர நடைன்னு சொல்றதும் இந்த மூணு மூணு எண்ணிக்கையைத் தான்.

முதல் பாரைத் தேர்வு பண்ணிட்டு, டைம் சிக்னேச்சர் பேலட்ல 6/8ஐத் தட்டுங்க. மொத்தத்தையும் அதுவே திருப்பி வெட்டிக்கும், மறுபடி எழுத வேண்டாம். ஸ்டாஃப் வரியில எய்த் நோட்டெல்லாம் மூணு மூணா கைகோத்து நிக்கும், பாத்தவுடனே தெரியும். நல்லவேளை நீங்க 4/4லயே ட்ரிப்லெட் (ரெண்டு நோட்டு எடத்துல மூணைத் திணிக்கிறது) போட்டு ஒப்பேத்தப் பாக்கல. அப்படிப் பண்ணியிருந்தா எல்லாத்தையும் அழிச்சு எழுதணும்.

வேகமும் இதே கதை தான். உங்க காலு ஒரு தகிடவுக்கு ஒரு தட்டு தட்டுது, அதாவது மூணு எய்த் நோட். அது புள்ளி வெச்ச குவார்ட்டர். நீங்க 120 போட்டது புள்ளி இல்லாத குவார்ட்டருக்கு, அது ரெண்டு எய்த் தான். அதனால உங்க கணக்குல நிமிஷத்துக்கு 80 தட்டு தான் கிடைச்சது. புள்ளி வெச்ச குவார்ட்டர் சமம் 120ன்னு எழுதுங்க, இல்லேன்னா குவார்ட்டர் சமம் 180. ரெண்டும் ஒண்ணு தான்.

புளியந்தோப்பு ஆறுகம்பி:

அக்கா, கையக் குடுங்க! வேகம் இப்போ அப்படியே போன்ல இருக்கிற மாதிரி. மூணு மூணா கைகோத்து நிக்குது.

ஒண்ணே ஒண்ணு இடிக்குது. அழுத்தம் இப்போ எல்லா பார்லயும் ஒரே எடத்துல தான் விழுது, ஆனா அது ரெண்டாவது நோட்டுல. முதல் நோட்டுல இல்ல. ஒண்ணு தள்ளி தள்ளியே கடைசி வரைக்கும்.

தண்டையார்பேட்டை டோலக்:

தம்பி, எடுப்பு, அதான் பாட்டு ஆரம்பிக்கிற எடம், எங்க? உங்க பெரியப்பா டோலக் அடி விழுறதுக்கு ஒரு மாத்திரை முன்னாடியே வாயத் தொறந்துட்டாரு. நாங்க அம்பது வீட்ல பாத்தது இது. பாடுறவரு முந்திக்குவாரு, அடிக்கிறவன் அடுத்த எழுத்துல வந்து புடிப்பான். அதீத எடுப்புன்னு பெரிய வித்வான்லாம் சொல்லுவாங்க. நீ அந்த முந்திக்கிட்ட எழுத்தையே ஒண்ணுன்னு எண்ணிட்ட.

கம்ப்யூட்டர்ல எப்படின்றத அந்தம்மா சொல்லுவாங்க.

ராயபுரம் ஆர்கன்:

ஐயா சொன்னது தான். எங்க சர்ச் பக்கம் அதுக்குப் பிக்கப் பார்னு பேரு, பல கீர்த்தனைகளும் பாமாலைகளும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

முதல் பாருக்கு முன்னாடி ஒரு காலி பாரைச் செருகுங்க. அதுல ரைட் கிளிக் பண்ணி மெஷர் ப்ராப்பர்ட்டீஸ் போனா நாமினல், ஆக்சுவல்னு ரெண்டு இருக்கும். நாமினல் 6/8 அப்படியே இருக்கட்டும், ஆக்சுவலை மட்டும் 1/8 ஆக்குங்க. பார் எண்ணிக்கையில சேர்க்காதேன்னு ஒரு பெட்டி இருக்கும், அதையும் டிக் பண்ணுங்க. அப்புறம் உங்க நோட்டு முழுசையும் கட் பண்ணி அந்தக் குட்டி பார்ல பேஸ்ட். எல்லாம் ஒரு எய்த் முன்னாடி நகர்ந்து, அழுத்தம் ஒண்ணுல வந்து உக்காரும். அதுக்கு முன்னாடி ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, நான் பட்டவ.

ஃப்ரெண்டுக்குக் கொடுக்கும்போது டேப் ஸ்டைல் பாருங்க. சிம்பிள்ல வெறும் ஃப்ரெட் நம்பர் தான் இருக்கும், எவ்வளவு நேரம் நிக்கணும்னு தெரியாது. ஃபுல் வெச்சா நோட்டுக்குக் காம்பும் மௌனக் குறியும் சேர்ந்து வரும். பாட்டு தெரியாதவருக்கு ஃபுல் தான் சரி.

வியாசர்பாடி பேஸ்:

3/4 சொன்னவன் தலைமறைவு 🙏

புளியந்தோப்பு ஆறுகம்பி:

உக்காந்துச்சு! டோலக் அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

போனைக் கூட போட்டு ஓட்டினா சுதி மட்டும் அரைப் படி வித்தியாசம். பெரியப்பா ட்யூனர்ல சி ஷார்ப் கிட்ட நிக்கிறாரு, நான் எழுதினது சி.

அப்புறம் ஒவ்வொரு அடி முடிவுலயும் ஒரு இழுப்பு இழுப்பாரு. அத்த பெண்ட், ஸ்லைடு, வைப்ரேட்டோன்னு போட்டுப் போட்டு ஒரு பார்ல நம்பரே தெரியல.

ராயபுரம் ஆர்கன்:

சி ஷார்ப்னா ஒண்ணரைக் கட்டை. முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, எழுதினதை அப்படியே வாசிங்க. மியூஸ்கோர் 4.2 இல்லேன்னா அதுக்கு அப்புறம் வந்ததுன்னா கிட்டார் பேலட்ல கேப்போ குறி இருக்கு, அதை வெச்சா ஒலியும் கூடவே ஏறும்.

தண்டையார்பேட்டை டோலக்:

இழுப்பெல்லாம் எழுதாத. அந்த மனுசன் ஒரே பாட்ட ரெண்டு வீட்ல ஒரே மாதிரி இழுத்திருப்பாரா? நிக்கிற நோட்ட எழுது, மேல ஒரு அலைக் குறி போடு, போனை அவங்க கையில குடுத்து பத்து தடவ கேக்கச் சொல்லு.

அன்னிக்கு சட்டிக்கு ஆளு இருக்கா? இல்லேன்னா சொல்லு, வரேன்.

புளியந்தோப்பு ஆறுகம்பி:

அலைக் குறி மட்டும் வெச்சுட்டேன். மூணு காப்பி ஜெராக்ஸ் எடுத்தாச்சு.

பெரியப்பாவுக்கு அடிச்சவரே சட்டிக்கு வராருண்ணா. அவருக்கும் ஒரு காப்பி நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இதுல நான் எங்கப்பா கீறேன்?”னு கேட்டாரு. நீங்களும் வந்துடுங்க, டோலக்குக்கு இன்னும் ஆள் சொல்லல.