மறு: ட்ரோலிங் மோட்டாருக்குத் தமிழ்ச்சொல் – ‘மின்துடுப்பு’ சரிவருமா?

வணக்கம்.

சிறு படகில் மாட்டி பேட்டரியில் ஓட்டும் ட்ரோலிங் மோட்டாருக்கு என்ன தமிழ்ச்சொல் என்ற கேள்விக்கு இதுவரை வந்த ‘மின்னிழுவை’, ‘இழுதூண்டில் பொறி’, ‘மின்னுந்தி’ மூன்றையும் பார்த்தேன். முதல் இரண்டும் குமரிக் கரையில் எடுபடாது. இங்கே இழுவை என்றாலே விசைப்படகு இழுக்கும் பெரிய வலையான இழுவைமடிதான். பக்கத்துக் கேரளத்தில் மழைக்கால இழுவைமடித் தடையையே பேச்சில் ‘ட்ரோளிங் நிரோதனம்’ என்கிறார்கள். நம் மேற்குக் கரையிலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாளில் வள்ளத்துக்காரர் ஒருவர் ‘மின்னிழுவை வாங்கியிருக்கேன்’ என்று சொல்லிப் பார்க்கட்டும், கரையில் என்ன பதில் வரும் என்று தெரியும்! ட்ரோலிங் என்பது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை விட்டு இழுப்பது. அது வேறு, மடி இழுப்பது வேறு.

‘மின்னுந்தி’யில் பிழையில்லை. ஆனால் படகின் பின்னால் வெளியே மாட்டும் பெட்ரோல் எஞ்சினான அவுட்போர்டுக்குப் பதிலாக வரும் பெரிய மின் எஞ்சினுக்கும் அதே பெயர் பொருந்திவிடும். பெயரைக் கேட்டதும் இது எஞ்சினுக்கு மாற்று என்று நினைத்து வாங்குவார்கள். எனக்குக் கவலை அதில்தான். இந்தக் கருவியால் சிறு படகு மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் போனாலே அதிகம். ஓசையில்லாமல் மெல்ல நகர்த்தவும், பாருக்கு (கடலடிப் பாறைக்கு) மேலே படகை விலகாமல் பிடித்து நிறுத்தவும், குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் கரையோரம் ஒதுங்கவும்தான் இது. இதெல்லாம் துடுப்பின் வேலை. அதனால் ‘மின்துடுப்பு’ என்கிறேன்.

துடுப்பு கையால் போடுவது, இதில் புரொப்பெல்லர் அல்லவா சுற்றுகிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கட்டுமரத்தில் பின்தலையில் (பின்முனையில்) நிற்பவரைக் கவனியுங்கள். தள்ளுவதும் தொளவையால்தான் (துடுப்பால்தான்), திருப்புவதும் அதே தொளவையால்தான். இங்கேயும் தனிச் சுக்கான் கிடையாது. பிடியைத் திருப்பினால் தண்டும் அடியிலுள்ள மோட்டாரும் சேர்ந்து திரும்பும். 1934இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு இதைச் செய்தபோது அவருக்குக் குதிரைத்திறன் பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது.

இன்றும் இதைக் குதிரைத்திறனில் விற்பதில்லை, பவுண்டுக் கணக்கில் உந்துவிசை சொல்லி விற்கிறார்கள். ‘த்ரஸ்ட்’டுக்குப் பாடநூலில் இருக்கும் உந்துவிசையே போதும், புதிதாக ஒன்று வேண்டாம். ஆள், வலை, ஐஸ் எல்லாம் ஏற்றிய எடையில் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ உந்துவிசை என்பது கணக்கு. அரை டன் ஃபைபர் படகுக்கு 10 கிலோ, அதாவது 22 பவுண்டு. அது குளத்துக்குச் சரி. காற்றும் நீவாடும் (நீரோட்டமும்) உள்ள இடத்தில் இரட்டிப்பாக வைத்தால்தான் நிற்கும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 55 பவுண்டு வரை கிடைக்கும், 80 என்றால் 24 வோல்ட்.

பொருத்தும் இடத்துக்கு நம்மிடமே சொல் இருக்கிறது: முன்முனையில் என்றால் அணிய மின்துடுப்பு, பின்முனையில் என்றால் பின்தலை மின்துடுப்பு. அணியத்தில் வைத்தால் படகை இழுத்துக்கொண்டு போகும், திசை துல்லியமாக இருக்கும். ஆனால் அலையில் அணியம்தான் அதிகம் தூக்கும், தண்டு நீளமாக வேண்டும். புரொப்பெல்லரின் மேல்நுனி நீருக்கு அடியில் ஒரு சாணாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்றைக் குடித்துச் சும்மா சுற்றும். காயல் கடலில் கலக்கும் பொழிமுகத்தில் அது நடந்தால் படகு யார் பேச்சையும் கேட்காது. ஃபைபரில் வெறும் திருகாணி போட்டு முறுக்குவதும் வேண்டாம். உள்பக்கம் பலகை கொடுத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைத் துளைத்து இறுக்கி, துளையைச் சீலண்ட் வைத்து அடைக்கவேண்டும்.

‘டீப் சைக்கிள் பேட்டரி’க்கு ‘ஆழ்சுழற்சி மின்கலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தால் கிணறு வெட்டுவதுபோல இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அந்த இனம்தான். ‘நின்றுழைக்கும் பேட்டரி’ என்று சொன்னால் புரியும். கார் பேட்டரி ஒரு நொடி எஞ்சினைக் கிளப்புவதற்கானது, இதில் மாட்டினால் சீக்கிரம் செத்துப்போகும். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் குடிக்கும். 100 ஆம்பியர்-மணி ஈயபேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் முழு வேகத்தில் ஒரு மணி நேரமே கணக்கு. மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் பிரேக்கர் பேட்டரியை ஒட்டியே கட்டாயம். அப்புறம், உப்புநீருக்கென்று செய்ததா, மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகத் தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஜிபிஎஸ் பார்த்து, நங்கூரம் போடாமலேயே படகை ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறதே, அந்த வசதிக்கு என்ன பெயர்? ‘மாய நங்கூரம்’ வேண்டாம், விளம்பரம்போல இருக்கிறது. ‘நிலைப்பிடி’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.